இயற்கைப் பொருள்களால் கூடத்தை அழகூட்டல் (கள்ளக்குறிச்சி வட்டாரம்)

கூடம் அழகூட்டல் என்பது, குடும்பத்தார் அனைவரும் புழங்கும் வீட்டின் நடுப்பகுதியை இருப்பதற்கு இதமாகவும் பார்ப்பதற்கு நிறைவாகவும் அமைத்துக்கொள்வதைக் குறிக்கும். மரம், மூங்கில், கோரை, பனையோலை, சுடுமண், பருத்தி முதலியவற்றைக் கொண்டு இதைச் செய்யும்போது, அப்பொருள்களின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள வரியும் சொரசொரப்பும் பின்னலும் நிறமுமே அலங்காரமாகிவிடுகின்றன. மேலும் மேலும் வண்ணம் பூசி அழகு சேர்க்கவேண்டிய தேவை குறைகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தையும் அதற்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகைப் பொருள்களின் குணங்களையும், வீட்டில் செய்யக்கூடிய மூன்று கைவேலைகளையும், பராமரிக்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இயற்கைப் பொருள் ஒன்று பல ஆண்டுகள் நிலைப்பதும், ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்துப் பாழாவதும் அதன் விலையைப் பொறுத்தவை அல்ல. அதன் குணத்தை அறிந்து, உரிய இடத்தில், உரிய வேலைக்கு வைக்கிறோமா என்பதைப் பொறுத்தவை.

வட்டாரப் பின்னணி

ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவிலூருக்கும் இடைப்பட்ட ஊர். இங்குள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயில் பலரும் அறிந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 26 முதல் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி ஆகியவை விளைகின்றன. ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் பனை நிற்கிறது. மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. அங்கே மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை, தினை போன்ற சிறுதானியங்களுடன் கடுக்காய், தேன் முதலிய வனப்பொருள்களும் அவர்கள் வாழ்வோடு இணைந்தவை. தென்பெண்ணைக் கரையில் உள்ள ஓர் ஊருக்கு மூங்கில்துறைப்பட்டு என்றே பெயர். ஆக, கூடத்தை அழகூட்டத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்திலோ பக்கத்து மாவட்டங்களிலோ கிடைப்பவையே.

கூடத்தில் ஏற்பட்ட மாற்றம்

பழைய நாட்டு வீட்டில் திண்ணை, நடை, கூடம், தாழ்வாரம், முற்றம் எனப் பகுதிகள் தனித்தனியே இருந்தன. வந்தவர் திண்ணையில் அமர்ந்தார். தானியம் முற்றத்தில் காய்ந்தது. பண்டிகை, சடங்கு, உறவினர் உறக்கம் ஆகியவை கூடத்தில் நடந்தன. கூரை வீடுகளில் மண்சுவரும் சாணம் மெழுகிய தரையும் இருந்தன.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் 2010இல் வந்தது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு குறைந்தது 360 சதுர அடி. இத்தகைய வீடுகள் மழைக்கும் தீக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்த நிலையை மாற்றின. அதே வேளையில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் செய்த வேலைகள் அனைத்தும் ஒரே ஒரு ஹாலில் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் படிப்பதும், பெரியவர்கள் படுப்பதும், விருந்தினர் அமர்வதும், தொலைக்காட்சி ஓடுவதும் அங்கேதான்.

இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது வெப்பம்: கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு நெடுநேரம்வரை உள்ளே விடுகிறது. இரண்டாவது எதிரொலி: சிமெண்டுச் சுவர், ஓடு பதித்த தரை, தட்டையான தளம் ஆகிய மூன்றும் கடினமானவை, ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. காலியான ஹாலில் ஒருமுறை கைதட்டிப் பார்த்துவிட்டு, பாயும் ஜமக்காளமும் விரித்து, சன்னலில் துணித்திரை தொங்கவிட்டு மறுபடியும் தட்டிப் பார்த்தால் வேறுபாடு காதுக்கே தெரியும். மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய சோதனை இது.

ஆகவே சிறிய ஹாலில் அலங்காரப் பொருள் என்று தனியாக இடம் அடைக்கும் பொருளைவிட, ஏதேனும் ஒரு வேலையும் செய்யும் பொருளே பொருத்தமானது. பாய் இருக்கையாகும், கூடை சாமான் வைக்க உதவும், தட்டி வெயிலை மறைக்கும்.

மேற்பரப்பின் தன்மை

ஒரு பொருளின் நிறத்தைக் கண் மட்டும் அறியும். அதன் மேற்பரப்பைக் கண்ணும் கையும் சேர்ந்து அறியும். மண்பானையின் சொரசொரப்பு, இழைத்த மரத்தின் வழவழப்பு, கோரைப்பாயின் வரி, முறத்தின் குறுக்குப் பின்னல் ஆகியவை தொடாமலேயே தொட்ட உணர்வைத் தருபவை.

இந்த உணர்வைத் தருவது நிழல். மேட்டிலும் பள்ளத்திலும் ஒளி சாய்வாக விழும்போதுதான் வரிகள் எழுந்து தெரிகின்றன. நேராக மேலிருந்து விழும் குழல்விளக்கின் ஒளியில் அவை தட்டையாகிவிடுகின்றன. எனவே மரச்சிற்பத்தையோ பின்னல் தட்டையோ சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைப்பதைவிட, சன்னலை ஒட்டிய பக்கச்சுவரில் வைத்தால் காலை, மாலை ஒளியில் அதன் நுணுக்கம் நன்கு தெரியும்.

எல்லாப் பொருளும் சொரசொரப்பாக இருந்தாலும் கண் சலித்துப்போகும். சொரசொரப்புக்குப் பக்கத்தில் ஒரு வழவழப்பு, கடினமானதற்குப் பக்கத்தில் ஒரு மென்மை என்று அமைப்பது எளிய விதி. வெறும் சுவர் ஒன்றையாவது விட்டுவைப்பதும் இவ்விதியில் அடங்கும்.

பொருள்களும் அவற்றின் குணங்களும்

மரம்

இவ்வட்டாரத்தின் பெருமைக்குரிய கைவினை, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் இது தொழிலாக நடந்துவருகிறது. பூம்புகார் எனப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் 2021இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

தெய்வ உருவங்கள், யானை, மயில், கொடிகள், கதவு வேலைப்பாடுகள் ஆகியவை இதில் மிகுதி. தேக்கு, வாகை போன்ற மரங்களில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து மெருகேற்றுவார்கள். மரத்தின் நடுப்பகுதியான வைரம் உறுதியானது. வெளிப்பகுதி வெளிறியது; பூச்சிக்கு எளிதில் இரையாவது.

மரம் வெட்டிய பிறகும் ஈரத்தை வாங்கி விட்டுக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். இந்த மாற்றம் வரியின் நீளவாட்டில் மிகக் குறைவு, குறுக்குவாட்டில் அதிகம். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும், காயாத மரத்தில் செய்த சிற்பம் வெடிப்பதும் இதனால்தான். சிற்பத்தை வெயில் நேரே படும் இடத்திலும், மழைச்சாரல் அடிக்கும் சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது. சுவருக்கும் சிற்பத்துக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும்.

மூங்கில்

மூங்கில் மரமன்று, புல் இனத்தைச் சேர்ந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளில் உட்கூடு குறுகிய கல் மூங்கில் பொதுவாக வளர்கிறது. முறம், கூடை, தட்டு, தட்டி, ஏணி ஆகியவை நெடுங்காலமாக மூங்கிலில் செய்யப்படுகின்றன.

மூங்கிலின் பலவீனம் அதிலுள்ள மாவுச்சத்து. அதை நாடிவரும் சிறுவண்டுகள் துளையிட்டு, உள்ளே தின்று, மாவுபோன்ற தூளைக் கொட்டுகின்றன. மூன்று ஆண்டாவது முதிர்ந்த மூங்கிலை வெட்டுவதும், வெட்டியதைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்துச் சத்தைக் கரையவிட்டு நிழலில் உலர்த்துவதும் பழைய முறைகள். இன்று வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பதும் வழக்கம். வாங்கும் கூடையைத் தட்டிப் பார்த்து, தூள் கொட்டுகிறதா என்று கவனிப்பது நல்லது.

கோரை

ஆற்றோரங்களிலும் நீர்ப்பிடிப்பான இடங்களிலும் வளரும் கோரைப்புல்லை அறுத்து, கிழித்து, உலர்த்திப் பாய் நெய்கிறார்கள். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் வந்தவாசி, கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் பட்டுப்போல் மென்மையானது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயும் அங்கு உண்டு.

கோரை வியர்வையை உறிஞ்சும்; அதனால் கோடையில் படுக்க இதமானது. அதே குணத்தால் ஈரத் தரையில் விரித்தே விட்டால் அடியில் பூசணம் பிடிக்கும். பாயைச் சுருட்டவேண்டும், மடிக்கக்கூடாது. மடித்த இடத்தில் கோரை ஒடிந்துவிடும். பிளாஸ்டிக் பாய் விலை மலிவு, கழுவுவதும் எளிது, பூசணமும் பிடிக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. வெயில் பட்டால் நொறுங்கும். எது எதற்கு என்று தெரிந்து வாங்கவேண்டும். வாசலோரம், சமையலறை ஓரம் போன்ற ஈர இடங்களுக்குக் கோரை ஏற்றதன்று.

பனையோலை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஓலைக்காக மரத்தை வெட்டவேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. விரியாத இளங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சம அகலத்தில் கீறிப் பெட்டி, விசிறி, தடுக்கு பின்னுவார்கள். செட்டிநாட்டுக் கொட்டான் இவ்வகையில் புகழ்பெற்றது. பின்னும்போது ஓலையில் சிறிது ஈரம் இருக்கவேண்டும். முற்றக் காய்ந்தால் வெடிக்கும்.

சுடுமண்

கிராமத்து அய்யனார் கோயில்களின் மண்குதிரைகள் இவ்வட்டாரத்துச் சுடுமண் கலைக்குக் கண்முன் நிற்கும் சான்று. அருகில் புதுச்சேரியின் வில்லியனூரும் தெற்கே மானாமதுரையும் மண்வேலைக்குப் பெயர்பெற்றவை. மெருகுப்பூச்சு இல்லாத சுடுமண்ணில் நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது பானை நீர் குளிர்கிறது. நீர் நிறைந்த மண்தொட்டியை மரப்பலகையின்மேல் நேராக வைத்தால் பலகை கறைபடுவதும் இதே கசிவினால்தான். அடியில் ஒரு தட்டு வைக்கவேண்டும். பானையின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூப்பது நீரிலுள்ள உப்பு. அது குறை அன்று. நாரால் தேய்த்தால் போய்விடும்.

பருத்தி

பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி விரிப்பு. இருக்கவும் படுக்கவும் பயன்படுவதோடு, கடினமான தரையின் எதிரொலியையும் குறைக்கிறது. பழைய கைத்தறிச் சேலை, வேட்டி ஆகியவையும் கூடத்துக்கு உதவும் செல்வங்களே. அவற்றைப் பயன்படுத்தும் முறை பின்னர் விளக்கப்படுகிறது.

சுண்ணாம்பும் கோலமும்

நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடிக்கும்போது அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று, மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது மீண்டும் கல்லாகிறது. இந்தப் பூச்சு மங்கிய வெண்மையும் மென்மையான ஒளியும் தரும். ஏற்கெனவே எனாமல், பிளாஸ்டிக் வண்ணம் அடித்த சுவரில் இது பிடிக்காது, உதிரும். நீற்றாத சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆதலால் அவ்வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. காவிப்பட்டையும் அரிசிமாக்கோலமும் செலவில்லாத அலங்காரங்கள். சுவரின் அடிப்பகுதிக்கும் வாசற்படிக்கும் ஏற்றவை.

வீட்டில் செய்யக்கூடிய கைவேலைகள்

1. காகிதக்கூழ்த் தட்டு

காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து, முறத்தின் இடைவெளிகளை அடைப்பதற்குப் பூசுவது தமிழ் வீடுகளில் பழைய வழக்கம். அதே கூழில் தனித் தட்டும் கூடையும் செய்யலாம்.

தேவையானவை: எழுதி முடித்த நோட்டுத்தாள் அல்லது செய்தித்தாள் ஒரு கிலோ, வெந்தயம் இரண்டு கைப்பிடி, வடிவம் எடுக்க ஒரு மண்சட்டி, பழைய துணி.

செய்முறை: காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, நாள்தோறும் நீரை மாற்றி மூன்று நாள் ஊறவைக்கவேண்டும். வெந்தயத்தை ஓர் இரவு தனியாக ஊறவைக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் மாவாக அரைத்து, நீரைப் பிழிந்தெடுக்கவேண்டும். கவிழ்த்த சட்டியின்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழை அரை விரல் கனத்துக்குச் சமமாக அப்பவேண்டும். முதல் நாள் நிழலிலும், பிறகு மூன்று நான்கு நாள் வெயிலிலும் உலர்த்தவேண்டும். காய்ந்ததும் சட்டியிலிருந்து கழற்றி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, புளியங்கொட்டைப் பசையை இரண்டுமுறை பூசினால் உறுதிப்படும்.

வெந்தயத்தின் கொழகொழப்பே இங்குப் பசையாகிறது. முதல் நாளே கடும் வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் காய்ந்து வெடிக்கும். இத்தட்டில் உலர்ந்த பொருள்களையே வைக்கலாம். மழைமாதங்களில் இதைச் செய்யத் தொடங்காமல் இருப்பது நல்லது.

2. சேலைக் கால்மிதி

ஒரு பழைய நூல் சேலையை நீளவாக்கில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளவேண்டும். மும்மூன்று பட்டைகளைச் சேர்த்து, தலைமுடி பின்னுவதுபோல் பின்னி, ஒன்றோடு ஒன்று தைத்து நீட்டிக்கொண்டே போகவேண்டும். பின்னலைத் தரையில் வைத்து, நடுவிலிருந்து நத்தை ஓடுபோல் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றுடன் தடித்த நூலால் தைக்கவேண்டும். தைக்கும்போது நூலை இறுக்கினால் நடுப்பகுதி குழிந்து கூடைபோல் எழும்பிவிடும். தரையில் தட்டையாக வைத்தபடியே தைப்பது இதற்கு மருந்து.

ஒரு சேலையில் எவ்வளவு பெரிய கால்மிதி வரும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். சேலையின் நீளம் 5.5 மீட்டர், அகலம் 115 சென்டிமீட்டர் என்று கொண்டால் 23 பட்டைகள் கிடைக்கும். அவற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய 126 மீட்டர். மூன்றாகச் சேர்ந்தால் 42 மீட்டர். பின்னும்போது கால் பங்கு குறையும் என்று கொண்டால் ஏறத்தாழ 31 மீட்டர் பின்னல். அதன் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இது ஏறக்குறைய முக்கால் மீட்டர் விட்டமுள்ள வட்டம். உட்கார்ந்து படிக்க ஒரு பிள்ளைக்குப் போதும்.

3. கடுக்காய்க் கறுப்புத் துணி

கல்வராயன் மலையின் கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. அது இரும்புடன் சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். கலம்காரி ஓவியத்தின் கறுப்புக் கோடுகள் இந்த வேதிவினையால் உண்டாகின்றன. பழங்காலத்து மையும் இதே அடிப்படையில் செய்யப்பட்டதுதான்.

முதலில் இரும்பு நீர் ஆயத்தமாகவேண்டும். துருப்பிடித்த ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் வெல்லம் கரைத்த நீருடன் மண்சட்டியிலிட்டு, துணியால் வாய்கட்டி இரண்டு மூன்று வாரம் வைத்து, நுரைப்பது அடங்கியதும் வடிகட்டவேண்டும்.

துணியைச் சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்கவேண்டும். கடுக்காயின் கொட்டையை நீக்கி, 100 கிராம் தோலை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, அதில் சிறிது பால் சேர்க்கவேண்டும். பாலின் கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். துணியை இந்த நீரில் ஒருமணி நேரம் நனைத்து உலர்த்தினால் இளமஞ்சள் நிறமாகும்.

மூங்கில் குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி, இரும்பு நீரில் தோய்த்து வரைந்தால், நிறமற்றதுபோல் விழும் கோடு சில நொடிகளில் கறுக்கும். ஒருநாள் உலரவிட்டு, ஓடும் நீரில் நன்கு அலசவேண்டும். அலசாமல் மிஞ்சும் இரும்பு, காலப்போக்கில் நூலை இற்றுப்போகச் செய்யும். வாசலில் போடும் புள்ளிக்கோலத்தையே இத்துணியில் வரைந்து சன்னல் திரையாகவோ சுவர்த்தொங்கலாகவோ பயன்படுத்தலாம். இந்த இரும்பு நீர் வாயில் படக்கூடாது. அதைச் செய்த சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

கூடத்தில் அமைக்கும் முறை

நின்றபடி பார்ப்பவரின் கண் ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கும். நாற்காலியில் அமர்ந்தவருக்கு நான்கடி, தரையில் அமர்ந்தவருக்கு இரண்டரை அடி. பாயில் உட்காரும் வழக்கமுள்ள வீட்டில் படங்களையும் தொங்கல்களையும் தளத்தை ஒட்டி மாட்டினால், அங்கே வாழ்பவர்களின் கண்ணுக்கு அவை படுவதே இல்லை. யாருடைய பார்வைக்காக வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

சிறிய ஹாலுக்குப் பின்வரும் அமைப்பு பொருந்தும்.

ஒளி வரும் சன்னலருகே சேலைக் கால்மிதியும் தாழ்ந்த மரப்பலகையும் போட்டால் பிள்ளைகள் படிக்கும் இடமாகும்.

மேற்குப் பக்கச் சன்னலில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளிப்புறமாகக் கட்டினால், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படும். உள்ளே தொங்கும் திரையைவிட இது வெப்பத்தை நன்கு குறைக்கும். கடலூர் மாவட்டத்தில் விளையும் வெட்டிவேர், நீர் தெளித்தால் குளிர்ச்சியும் மணமும் தரும்.

பாய்களைச் சுருட்டி நிறுத்த உயரமான கூடை ஒன்றும், செய்தித்தாள், விளையாட்டுச் சாமான்களுக்கு ஓலைப்பெட்டிகளும் போதும். சாமான்கள் கண்ணுக்கு மறைவதே பாதி அழகு.

மரச்சிற்பம் ஒன்று போதும். பலவற்றை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றின் வேலைப்பாடும் மற்றதில் மறைந்துபோகும்.

எச்சரிக்கைகள்

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

மண்பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி, அழகான செந்நிற விதை. அதில் அப்ரின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. ஆமணக்கு விதையிலும் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. அரளிச் செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சே. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றைத் தோரணமாகவும் மாலையாகவும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது.

உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது இப்போது பரவலான அலங்காரம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் இருமுறை நீரைக் கொட்டி, உருளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். பூவை மட்டும் மாற்றுவது போதாது.

கோரை, ஓலை, மூங்கில் ஆகியவை எளிதில் தீப்பற்றுபவை. கார்த்திகை அகல், குத்துவிளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு அருகில் இவற்றைத் தொங்கவிடக்கூடாது.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இப்பொருள்களுக்குச் சோதனைக் காலம். மழை தொடங்கும் முன் ஒருமுறையும், தை, மாசியில் ஒருமுறையும் பாய், கூடை, ஓலைப்பெட்டி ஆகியவற்றை இளவெயிலில் காயவைக்கவேண்டும். பூசணம் பிடித்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துச்சென்று, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகே உள்ளே கொண்டுவரவேண்டும்.

மரச்சிற்பத்தின் இடுக்குகளிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் எடுக்கவேண்டும். ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. சிற்பத்தின் அடியில் புதிதாக மரத்தூள் தெரிந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை மற்ற மரப்பொருள்களிலிருந்து உடனே பிரித்துவைத்து, தச்சரிடம் காட்டவேண்டும். சுவரோரம் மண்கோடுபோல் ஏறுவது கரையானின் வழி. கோட்டை மட்டும் துடைத்துவிட்டால் கரையான் வேறு வழியில் வரும். தரையில் அது புறப்படும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

புவிசார் குறியீடு என்பது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. இச்சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஒரு பொருளின் பெயர் அது பிறந்த வட்டாரத்துக்கு உரியது என்பதை இக்குறியீடு காக்கிறது. ஆனால் கடையில் கையிலெடுக்கும் ஒவ்வொரு பொருளையும் சோதித்து முத்திரை இடுவது அதன் வேலை அன்று. அந்தச் சோதனையை வாங்குபவரே செய்யவேண்டும்.

கையால் செதுக்கிய சிற்பத்தில் மரவரி முன்புறத்திலிருந்து பின்புறம்வரை தொடர்ந்து ஓடும். மடிப்புகளின் உட்பகுதியில் உளித்தடம் தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை வேறுபடும். மரத்தூளையும் பசையையும் அச்சில் அழுத்திச் செய்த பொம்மையில் வரி இராது, அல்லது மேலே வரைந்ததாக இருக்கும். கணினி இயந்திரம் கடைந்த பலகைகளில் ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும். இயந்திர வேலையை வாங்குவது தவறன்று. அதைக் கைவேலை என்ற பெயரில், கைவேலையின் விலைக்கு விற்பதுதான் தவறு. ஒரு முகத்தைச் செதுக்கப் பல நாள் எடுத்துக்கொள்ளும் கைவினைஞர், சில மணி நேரத்தில் முடிக்கும் இயந்திரத்தின் விலையோடு போட்டியிட முடியாது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாதவரை நட்டம் அவருக்கே.

வனப்பொருள்களை வாங்குவதிலும் சேகரிப்பதிலும் சட்ட வரம்புகள் உண்டு. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்ப்போருக்கு இது உதவியது. காட்டிலுள்ள மூங்கிலை விருப்பம்போல் வெட்டுவதற்கு அது அனுமதி ஆகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூங்கில், தேன் போன்ற சிறுவனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்கு அளிக்கிறது. ஆகவே கல்வராயன் மலைக்குச் சுற்றுலா செல்வோர் மரப்பட்டை, வேர், காய் ஆகியவற்றை அலங்காரத்துக்கென்று பறித்துவருவது முறையன்று. கடுக்காயை மலைமக்களிடமோ நாட்டு மருந்துக் கடையிலோ வாங்கலாம்.

புதுப்பித்தல் மரபு

இயற்கைப் பொருள்கள் நிரந்தரமானவை அல்ல. கிழிந்த பாய், இற்ற முறம், உடைந்த சட்டி ஆகியவற்றைக் கழித்து, தை பிறக்கும்போது புதியன கொண்டுவருவது போகிப் பண்டிகையின் வழக்கம். பாய் நெய்பவருக்கும் கூடை முடைபவருக்கும் குயவருக்கும் ஆண்டுதோறும் வேலை கிடைத்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். கழித்தவை மண்ணோடு மண்ணாயின.

இன்று போகித் தீயில் பிளாஸ்டிக் பாயும் செயற்கைப் பூவும் விழும்போது நச்சுப்புகை எழுகிறது. கோரையும் ஓலையும்கூட எரிக்கப்படவேண்டியவை அல்ல. துண்டு துண்டாக வெட்டி எருக்குழியில் போட்டால் மட்கிவிடும். காகிதக்கூழ்த் தட்டையும் நீரில் ஊறவைத்து மீண்டும் அரைத்துப் புதுத் தட்டாக்கலாம். உடைந்த பானை ஓட்டைப் பூந்தொட்டியின் அடித்துளைமேல் வைத்தால் நீர் வடியும், மண் வெளியேறாது. கூடத்தில் வேலை முடிந்த பொருளுக்கு இப்படித் தோட்டத்தில் அடுத்த வேலை காத்திருக்கிறது.